அடிபட்டவர் வேலைக்குத் திரும்ப மூன்று வழிகள்: எது யாருக்குப் பொருந்தும்?

விபத்து நடந்த வீட்டில் முதல் இரண்டு நாள் ஓடுவது ஒரே பேச்சுதான்: எந்த ஆஸ்பத்திரி? ஜி.எச்.சா, தனியாரா, இல்லை நாட்டுக் கட்டுப் போடப் புத்தூருக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாமா? சித்தப்பா ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று சொல்வார், தெரிந்த கம்பவுண்டர் வேறொன்று சொல்வார். ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் சீட்டோடு வீட்டுக்கு வந்தபிறகு இதைவிடப் பெரிய முடிவு ஒன்று காத்திருக்கிறது. எப்போது வேலைக்குத் திரும்புவது, எப்படித் திரும்புவது? அதற்கு யோசனை சொல்ல மட்டும் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இருப்பதில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். கோவை, திருப்பூர், சோமனூர் பக்கம் மில்லிலும் தறியிலும் பட்டறையிலும் வேலை பார்ப்பவர்கள்தான் எங்களிடம் அதிகம் வருகிறார்கள். ஒரே எலும்பு, ஒரே மாதிரி ஆபரேஷன், ஏறக்குறைய ஒரே வயது. ஒருவர் நாலைந்து மாதத்தில் வேலையில் இருக்கிறார், இன்னொருவர் ஒரு வருடம் கழித்தும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இந்த வித்தியாசத்தில் ஆபரேஷனின் பங்கு குறைவு. அதற்குப் பிறகு எந்த வழியைப் பிடித்தார்கள் என்பதில்தான் அதிகம் இருக்கிறது.

பிடிக்கும் வழிகள் மூன்று. முழுக்கக் குணமான பிறகே வேலை என்று வீட்டில் இருப்பது ஒன்று. வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு சீக்கிரமே பழைய வேலைக்கு முழு ஷிப்ட் போய்விடுவது இன்னொன்று. குறைந்த நேரம், இலகுவான வேலை என்று தொடங்கி வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொண்டே போவது மூன்றாவது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்களுக்கு மூன்றாவதுதான் சரி. ஆனால் நம் ஊரில் அதிகம் பேருக்குக் கிடைக்காததும் அதுதான், சிலருக்கு அது பொருந்தவும் பொருந்தாது. அதனால்தான் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கேள்வியைச் சுருக்கமாக முடித்துக்கொள்வோம். சாலை விபத்து என்றால் தமிழ்நாட்டு எல்லைக்குள் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் அதற்குத்தான், அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஆகவே பணத்துக்குப் பயந்து கட்டுப் போடப் போக வேண்டிய கட்டாயம் இப்போது குறைவு. பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் வைத்து மூங்கில் பத்தையால் கட்டும் கட்டில், விலகாத சின்ன முறிவு கூடிவிடுவது உண்மைதான். அந்த மாதிரி முறிவு மாவுக்கட்டிலும் கூடும். மூட்டுக்குள் முறிந்தது, விலகி நிற்பது, தோல் கிழிந்து எலும்பு தெரிவது ஆகியவற்றை எக்ஸ்ரே இல்லாமல் இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கையோ காலோ போய்விடும் ஆபத்து நிஜமானது. கட்டுப் போட்டபின் விரல் மரத்துப்போனாலோ, நீலம் பாரித்தாலோ, மாத்திரைக்கு அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ, அது எந்தக் கட்டாக இருந்தாலும் உடனே பிரித்துக் காட்ட வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எண்ணெய் போட்டு நீவுவதையும், குறிப்பாக முழங்கையில், செய்யவே செய்யாதீர்கள். அடிபட்ட முழங்கையை நீவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு இறுகிப் போகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறோம்.

சரி, இப்போது அந்த மூன்று வழிகள். பேச்சுக்கு ஒரு தறி ஓட்டுபவரை எடுத்துக்கொள்வோம். முப்பது முப்பத்தைந்து வயது, பைக் விபத்தில் வலது கீழ்க்கால் எலும்பு முறிந்து உள்ளே ராடு வைத்திருக்கிறார்கள். இந்த எலும்பு கூட ஏறக்குறைய மூன்றிலிருந்து ஐந்து மாதம் ஆகும், தோலைக் கிழித்து வெளியே வந்த முறிவு என்றால் இன்னும் தாமதமாகும். அவருடைய வேலை நின்றுகொண்டே, தறிக்குத் தறி நடந்துகொண்டே, பெரும்பாலும் 12 மணி நேரம்.

முதல் வழி, முழு ஓய்வு. வீட்டில் எல்லோருக்கும் பிடித்த வழி இது, அன்பினால்தான் சொல்கிறார்கள். டாக்டர் 'மூணு மாசம் வெயிட் தூக்காதீங்க' என்று சொன்னதை வீட்டில் 'மூணு மாசம் கட்டிலை விட்டு இறங்காதே' என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆறு வாரத்தில் தொடைத் தசை கண்ணுக்குத் தெரியும்படி வற்றிவிடும். கணுக்கால் பாதம் கீழே தொங்கிய நிலையிலேயே இறுகும். ராடு வைத்த காலில் டாக்டர் அனுமதித்த அளவுக்கு எடை போட்டு நடப்பது எலும்பு கூடுவதற்கே உதவுகிறது, அதையும் தடுத்துவிடுகிறோம். எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகக் கூடியிருக்கும், ஆள் நடக்கும்போது குதிகால் தரையில் படாது. அதைச் சரிசெய்ய இன்னும் இரண்டு மூன்று மாதம். அப்புறம் மனசு. ஆறு மாதம் வீட்டில் இருந்தவருக்கு, வேலைக்குப் போனால் மறுபடி ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் வலியைவிடப் பெரிதாக வளர்ந்திருக்கும். இன்னொரு பக்கம், அவர் இடத்தில் ஓனர் வேறு ஆளைப் போட்டிருப்பார்.

முதுகு வலிக்காரர்களுக்கு இந்த வழி இன்னும் மோசம். ஹெல்சின்கி நகராட்சி ஊழியர்களை வைத்து நடத்தி 1995-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. திடீர் முதுகு வலி வந்தவர்களில் ஒரு பகுதியினரை இரண்டு நாள் படுக்கச் சொன்னார்கள், ஒரு பகுதியினருக்கு முதுகுப் பயிற்சி கொடுத்தார்கள், மீதிப் பேரை வலி தாங்குகிற அளவுக்கு வழக்கமான வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். சீக்கிரம் தேறியவர்கள் கடைசிப் பிரிவினர். படுத்தவர்கள்தான் மிக மெதுவாகத் தேறினார்கள். இத்தனை வருடம் கழித்தும் 'டிஸ்க் பிராப்ளம், ஒரு மாசம் பெட் ரெஸ்ட்' என்று எழுதிய சீட்டோடு ஆட்கள் வருகிறார்கள், பார்க்கவே வேதனையாக இருக்கிறது. (காலில் பலம் குறைவது, சிறுநீர் கழிப்பதில் சிக்கல், இடுப்புக்குக் கீழே மரத்துப்போவது ஆகியவை இருந்தால் கதை வேறு, அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம்.)

இரண்டாவது வழி, சீக்கிரமே முழு வேலை. இதை ஆசைப்பட்டு யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. குழுக் கடன் தவணை வாரா வாரம் வந்து நிற்கிறது, பள்ளிக்கூட ஃபீஸ் நிற்கிறது, மீட்டர் கணக்கில் கூலி வாங்கியவருக்குத் தறி ஓடாத நாளில் வருமானமே இல்லை. ஆறாவது வாரத்தில் காலில் க்ரீப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு, காலையில் ஒன்று மதியம் ஒன்று என்று டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விடுவார். உள்ளே வைத்த ராடு எலும்பு கூடும்வரை தாங்கிப் பிடிப்பதற்குத்தான், எலும்புக்குப் பதிலாகக் காலம் முழுக்கச் சுமப்பதற்கு இல்லை. எலும்பு கூடாமலே முழு எடையையும் மாதக்கணக்கில் அது சுமந்தால் ஒருநாள் ஸ்குரூ முறியும், சில சமயம் ராடே முறியும். மறு ஆபரேஷன், இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைப்பது என்று போனால், மிச்சம் பிடிக்க நினைத்த இரண்டு மாதத்துக்கு ஒரு வருடத்தைக் கொடுக்க வேண்டிவரும். வலி மாத்திரை அந்த எச்சரிக்கையைக் காதில் விழாமல் செய்துவிடுகிறது, வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது தனி. இதோடு பீடி, சிகரெட் இருந்தால் எலும்பு கூடுவது கண்டிப்பாகத் தாமதமாகும். இதை ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்: ஆபரேஷன் முடிந்து எலும்பு கூடும்வரைக்காவது பீடியை விட்டுவிடுங்கள், மருந்துக் கடையில் வாங்கும் எந்த டானிக்கையும்விட அது அதிகம் செய்யும். 'சீழ் பிடிக்கும்' என்று பருப்பையும் முட்டையையும் நிறுத்துவதும் இப்படித்தான். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும், அது வேண்டிய நேரத்தில் பார்த்து ரசஞ்சோறு மட்டும் போடுகிறோம்.

இரண்டாவது வழி உட்கார்ந்து செய்யும் வேலைக்காரர்களுக்கு அவ்வளவு ஆபத்தில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காலில் ராடு வைத்த கணக்கர் ஒருவர் மூன்றாவது வாரம் வாக்கரோடு ஆபீசுக்குப் போய், காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு முழு நாள் வேலை பார்த்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை, போகும் வழியும் கழிவறையும் வழுக்காமல் இருந்தால் போதும். முறிவு ஒன்றாக இருந்தாலும் வேலை வேறாக இருந்தால் பதில் மாறும். நம்மிடம் வரும் சீட்டில் எலும்பின் பெயர் இருக்கிறது, ஆள் என்ன வேலை பார்க்கிறார் என்பது மட்டும் எங்கும் எழுதியிருப்பதில்லை.

மூன்றாவது, படிப்படியாக. இதை ஒழுங்காகச் செய்யும் நாடுகள் சட்டத்திலேயே வழி வைத்திருக்கின்றன. ஜெர்மனியில் டாக்டரும் தொழிலாளியும் கம்பெனியும் சேர்ந்து ஒரு அட்டவணை போடுகிறார்கள்: முதலில் தினம் இரண்டு மணி நேரம், அப்புறம் நாலு, ஆறு, பிறகு முழு நேரம். அந்த வாரங்கள் முழுக்க அவர் இன்னும் நோயாளிதான், காப்பீட்டிலிருந்து பணம் வந்துகொண்டே இருக்கும். பிரிட்டனில் 2010-லிருந்து டாக்டர் கொடுக்கும் சான்றிதழில் 'வேலைக்குத் தகுதி இல்லை' என்பதோடு, 'இன்னின்ன மாற்றம் செய்தால் வேலை பார்க்கலாம்' என்று குறிக்கவும் இடம் இருக்கிறது: நேரம் குறைப்பு, வேலை மாற்றம், இருக்கை வசதி. கனடாவில் கியூபெக்கின் ஷெர்ப்ரூக் பகுதியில் முதுகு வலியால் நாலு வாரத்துக்கு மேல் வேலைக்கு வராதவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது, 1997-இல் முடிவு வந்தது. மருத்துவமனைச் சிகிச்சையோடு, வேலை இடத்துக்கே போய் எதை மாற்றலாம் என்று பேசி முடிவு செய்த பிரிவினர், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட 2.4 மடங்கு வேகமாகப் பழைய வேலைக்குத் திரும்பினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: உடம்பில் செய்த சிகிச்சையைவிட, வேலை இடத்தில் செய்த மாற்றத்தின் பங்குதான் அதில் பெரிதாக இருந்தது.

நம் ஈ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இந்த நடு வழி இல்லை. வேலையில் பட்ட காயத்துக்கு ஈ.எஸ்.ஐ. கொடுப்பது சின்னத் தொகை இல்லை, சம்பளத்தில் 90 சதவீதம், தற்காலிக இயலாமை இருக்கும்வரை. வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தும் இதில் சேரும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் சாதாரண நோய் விடுப்பில் போட்டு 70 சதவீதத்தை, அதுவும் ஆண்டுக்கு 91 நாள் மட்டும், வாங்கிக்கொண்டிருப்பார்கள். ஷிப்டுக்குப் போகும்போது விழுந்தீர்கள் என்றால் கம்பெனி விபத்து அறிக்கை அனுப்பியதா என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்த்த நாளுக்கு இந்தப் பணம் கிடையாது. தினம் இரண்டு மணி நேரம் துணி செக்கிங்கில் உட்கார்ந்தால் அன்றைய இயலாமைப் பணம் போய்விடும். ஒன்று முழுக்க வீட்டில் இரு, இல்லை முழுக்க வேலைக்கு வா என்பதுதான் ஏற்பாடு. அதனால் 90 சதவீதம் வாங்குபவர் முதல் வழிக்குத் தள்ளப்படுகிறார். ஈ.எஸ்.ஐ.யே இல்லாதவர் இரண்டாவது வழிக்குத் தள்ளப்படுகிறார். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் தறிக்கூடம் பெரும்பாலும் ஈ.எஸ்.ஐ.க்குள் வராது. அங்கே வேலையில் காயம்பட்டால் 1923-லிருந்தே இருக்கும் இழப்பீட்டு ஏற்பாட்டின்படி ஓனர், மாதச் சம்பளத்தில் 25 சதவீதத்தை அரை மாதத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும், அதாவது மாதத்துக்குப் பாதிச் சம்பளம், மருத்துவச் செலவு தனி. கேட்டு வாங்குபவர்கள் மிகக் குறைவு.

இந்த இடைஞ்சலுக்குள்ளேயும் மூன்றாவது வழியைப் பிடிக்க முடியும். ஈ.எஸ்.ஐ. இருப்பவருக்கு நான் சொல்வது: பணம் வரும் மாதங்களைப் பயிற்சிக்கான சம்பளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் நேரத்துக்கு எழுந்திருங்கள், காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் பயிற்சி, நடுவில் டாக்டர் அனுமதித்த அளவுக்கு நடை. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னதும், ஃபிட்னஸ் சான்றிதழில் 'முதல் நாலு வாரம் உட்கார்ந்து செய்யும் வேலை, பிறகு வழக்கமான வேலை' என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் பர்சனல் ஆபீசரிடம் பேச்சே வேறு மாதிரி போகும். ஈ.எஸ்.ஐ. பணம் வாங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்க முதலாளிக்கு உரிமை இல்லை என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் தறிக்காரருக்கு என்ன செய்யலாம்? தறிக்கூடத்திலேயே உட்கார்ந்து செய்யும் வேலைகள் இருக்கின்றன. தார் (ஊடை நூல்) சுற்றலாம், துணி மடிக்கலாம், செக்கிங் பார்க்கலாம். எட்டாவது பத்தாவது வாரத்தில், டாக்டர் சரி என்றால், அரை நாள் இதில் தொடங்கலாம். கூலி குறையும், ஆனால் நின்றுபோகாது, தினம் வெளியே வந்து நாலு பேரோடு பேசுவார், ஓனருக்கும் ஆள் கையில் இருப்பார். பிறகு இரண்டு தறி மட்டும் பார்ப்பது, மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் உட்கார ஒரு ஸ்டூல், அதன்பின் முழுத் தறி. ஓனரிடம் பேசும்போது 'கொஞ்சம் பார்த்துக் கொடுங்கண்ணா' என்று பொதுவாகக் கேட்டால் வேலைக்கு ஆகாது. 'பதினைந்து நாளுக்குத் தார் சுற்றுகிறேன், அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து இரண்டு தறி பார்க்கிறேன்' என்று தேதி போட்டுக் கேட்டால் நிறைய ஓனர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

அவர் அடுத்த கட்டத்துக்குத் தயாரா என்று தெரிந்துகொள்ளச் சின்னச் சின்னச் சோதனைகள் உண்டு. சுவரைப் பார்த்து நின்று, கட்டை விரலைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொட முடிகிறதா? நல்ல காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொட முடியவில்லை என்றால் கணுக்கால் இன்னும் இறுகித்தான் இருக்கிறது, நாள் முழுக்க நடந்தால் முட்டியும் இடுப்பும் சேர்ந்து வலிக்கும். அடுத்தது முட்டி. 90 டிகிரி மடங்கினால் நாற்காலியில் உட்காரலாம், படி ஏறி இறங்க அதைவிடக் கொஞ்சம் கூட வேண்டும், குத்துக்கால் வைத்து உட்கார 130 டிகிரிக்கு மேல் வேண்டும். நம் ஊர் வேலைகளில் பாதி குத்துக்கால் வைத்துச் செய்வதுதான், கழிவறையும் அப்படித்தான். 'முட்டி 100 மடங்குது, நல்லா இருக்கு' என்று ஒரு கொத்தனாரிடம் சொல்லி அனுப்புவது நியாயமே இல்லை, அவருக்கு அது போதாது. டிரைவர்களுக்கு வலது கணுக்காலில் ஆபரேஷன் என்றால், பிரேக் மிதிக்கும் வேகம் பழைய நிலைக்கு வர ஒன்பது வாரம் வாக்கில் ஆகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். கட்டு அவிழ்த்த மறுநாள் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்புவது ரோட்டில் வரும் அடுத்தவருக்கும் ஆபத்து.

எல்லாக் காயத்துக்கும் மூன்றாவது வழி அப்படியே பொருந்தாது. விரல் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) வெட்டுப்பட்டுத் தைத்திருந்தால் முதல் ஆறு வாரம் அந்தக் கையால் எதையும் இறுக்கிப் பிடிக்கவே கூடாது, அதில் 'இலகுவான வேலை' என்ற பேச்சுக்கு இடமில்லை. அதே சமயம் ஸ்பிளின்டுக்குள் (கையைத் தாங்கும் பட்டை) சொல்லிக்கொடுத்தபடி விரலை அசைப்பதைத் தைத்த சில நாளிலேயே தொடங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் தசைநாண் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்ளும். பளு தூக்க மூன்று மாதம். பவர் பிரஸ்ஸிலும் லேத்திலும் விரல் கொடுத்தவர்கள் இங்கே கொஞ்ச நஞ்சம் இல்லை. கை விஷயத்தில் மட்டும் எங்கே போகிறோம் என்பது உண்மையிலேயே முக்கியம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு, கோவை கங்கா மருத்துவமனை போல கைக்கென்றே தெரபிஸ்ட் இருக்கும் இடத்துக்கு ஆரம்பத்திலேயே போய்விடுங்கள். தலையில் அடிபட்டவர்கள் இன்னொரு வகை. வெளியே ஒரு காயமும் தெரியாது. ஆனால் மறதி, எரிச்சல், சத்தம் தாங்க முடியாமை எல்லாம் வாரக்கணக்கில் இருக்கும். அவர்களை அரை நாள் வேலைக்கு அனுப்பலாம், ஓடும் மெஷின் பக்கத்திலும் உயரத்திலும் மட்டும் டாக்டர் சொல்லும்வரை நிறுத்தவே கூடாது.

பிசியோதெரபிக்கு எங்கே போவது, எத்தனை நாள் போவது என்று கேட்பீர்கள். சாதாரணக் கணுக்கால் முறிவுக்குத் தினமும் ஆட்டோ பிடித்து வர வேண்டியதில்லை. ஆஸ்திரேலிய மருத்துவமனைகளில் 214 பேரை வைத்து நடத்தி 2015-இல் வெளியான ஆய்வில், சிக்கலில்லாத கணுக்கால் முறிவுக்கு முறையாகச் சொல்லிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பியவர்களும், தெரபிஸ்ட் மேற்பார்வையில் பயிற்சி செய்தவர்களும் ஒரே அளவுக்குத்தான் தேறினார்கள். எங்கள் தொழிலுக்கு வருமானம் தராத செய்திதான், ஆனால் உண்மை. சில தடவை வந்து ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, வீட்டில் விடாமல் செய்தால் போதும். மூட்டுக்குள் முறிந்த முட்டி, முழங்கை, கை, நரம்புக் காயம், தண்டுவடக் காயம் ஆகியவற்றுக்குத்தான் அடிக்கடி நேரில் வந்தாக வேண்டும், அங்கே செலவைப் பார்க்காதீர்கள். வெளியே வரவே முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவார், 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை தருவதுதான் அந்தத் திட்டம் என்று பல கிராமங்களில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தினமும் வர மாட்டார்கள், அதனால் வரும்போது வீட்டில் ஒருவர் பக்கத்தில் நின்று பயிற்சியைக் கற்றுக்கொள்வது முக்கியம்.

இழப்பீட்டு வழக்கு நடக்கும் வீடுகளில் ஒரு யோசனை ஓடும்: இப்போதே நன்றாக நடந்துவிட்டால் கோர்ட்டில் பணம் குறைந்துவிடும், கொஞ்சம் பொறு. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். தேறுவதற்கு உடம்பு கொடுக்கும் அவகாசம் முதல் சில மாதங்கள்தான், வழக்கு வருடக்கணக்கில் ஓடும். உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: ஊனச் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறு. இடது கை போன டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடலாம், அதே கை போன குமாஸ்தாவுக்கு அப்படி இல்லை என்று அந்தத் தீர்ப்பே உதாரணம் காட்டுகிறது. ஆகவே வழக்குக்கு வேண்டியது நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள், அதில் எதை இப்போது செய்ய முடியவில்லை என்பதற்கான ஆதாரம். சம்பளச் சீட்டு, ஓனர் கடிதம், சிகிச்சைச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். காலை இறுக விடுவதால் வழக்குக்கு ஒரு பலமும் கூடாது.

பழைய வேலைக்குத் திரும்பவே முடியாதவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு மேலே சொன்ன மூன்றுமே வழி இல்லை. வேறு வேலைதான் வழி, அதை எவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிறோமோ அவ்வளவு நல்லது. அரசு நிறுவனத்தில், போக்குவரத்துக் கழகம் உட்பட, பணியில் இருக்கும்போது ஊனமானவரை வேலையை விட்டு அனுப்ப முடியாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். தனியாரில் அந்தப் பாதுகாப்பு இல்லை, அதனால் அங்கே வேறு வேலைக்கான பயிற்சியை எலும்பு கூடும் மாதங்களிலேயே தொடங்கிவிட வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸுக்கு 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயல் போனது. அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார், பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து வேலூரிலேயே அந்தத் துறையை உருவாக்கினார். வேலூர் பாகாயத்தில் 1966-இல் திறந்த மறுவாழ்வு மையம் இன்றைக்கும் நடக்கிறது. தண்டுவடக் காயம் பட்டவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், 'கொஞ்சம் தேறட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று மாதங்களைக் கடத்தாமல், படுக்கைப்புண் வருவதற்கு முன்னால், பாகாயத்துக்கோ சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனைக்கோ தென்காசி பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்துக்கோ கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன், எக்ஸ்ரேயோடு, அவர் அதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தார், இனி எதைச் செய்ய ஆசைப்படுகிறார் என்று ஒரு தாளில் எழுதியும் எடுத்துப் போங்கள்.